பூக்கும் நேரத்தில் வரும் சிலந்திப் பேன்

(மொட்டை மாடித் தோட்டம் பற்றி நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் மூன்றாவதாக ஒரு விஷயம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மொட்டை மாடியில் செடிகளுக்கு மருந்து அடிப்பதைத் தடை செய்யலாமா, தேவைப்பட்டால் தொட்டிகளையே எடுத்துவிடச் சொல்லலாமா என்பது. அந்த விஷயம் நிரலில் வந்ததற்குக் காரணம் நான்தான். அதனால் ஓட்டெடுப்புக்கு முன்னால் என்னைப் பேச விடுங்கள் என்று செயலாளர் சாரிடம் கேட்டேன். இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்.

நான் விவசாயம் படித்தவள் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்தாறு வருடம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக ஐந்து குண்டுமல்லி, மூன்று ரோஜா, கொஞ்சம் வெண்டை, கத்தரி என்று பதினான்கு தொட்டி வைத்தேன். பூத்தால் நம் பிளாக்கில் நாலு வீட்டுக்குக் கொடுப்பேன். அதனால் நான் சொல்வதை வல்லுநர் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்புச் செய்துவிட்டு, பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்ட ஒருத்தி பேசுகிறேன், அவ்வளவுதான்.

போன வருடம் ஏப்ரல் மாதம். மல்லி மொட்டுவிட்டுக் குலுங்குகிற நேரம். ஒருநாள் இலைகளைப் பார்த்தால், மேலே யாரோ ரவையைத் தூவின மாதிரி வெளிர் புள்ளிகள். சத்துக் குறைவு என்று நினைத்து ஒரு சிட்டிகை யூரியா போட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகு சொல்கிறேன். ஒரு வாரத்தில் இலை மங்கிப் பழுப்பாகிவிட்டது. கத்தரியில் இலை உதிர ஆரம்பித்தது. வெண்டையின் கொழுந்தில் மெல்லிசாக நூலாம்படை. சரி, ஏதோ சிலந்தி என்று விட்டுவிட்டேன்.

பிறகு செடி வாங்குகிற கடைக்குப் போய்ச் சொன்னேன். அங்கே இருந்தவர் உள்ளே போய் ஒரு சின்ன பாட்டிலில் ஏதோ ஊற்றிக்கொண்டு வந்தார். பழைய இருமல் மருந்து பாட்டில். லேபிள் இல்லை, பெயர் இல்லை. "ஒரு லிட்டருக்கு ரெண்டு மூடி ஊத்தி அடிங்கம்மா, எல்லாப் பூச்சியும் போயிடும்" என்றார். நானும் வாங்கி வந்தேன். கவுண்டரில் இருந்த காலத்தில், கையெழுத்துப் போடாத செக்கை யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுத்திருப்பேன். இதை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு மாடியில் அடித்தேன். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. அடித்து முடித்துக் கை கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் குழாய்க்குப் போனால், அங்கே எதிர்வீட்டு மாமியின் பழைய வேஷ்டி விரித்து, அது நிறையக் கூழ் வடாம். மாமி விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கிளறிய கூழ். பக்கத்தில் காக்காய் விரட்ட ஒரு குச்சியோடு மாமியின் பேத்தி. அரைக் காய்ச்சல் வடாமுக்கு உள்ள ருசி உங்களுக்குத் தெரியும், நாம் எல்லோரும் சின்ன வயதில் தின்றதுதான். குழந்தை கையில் ஒன்று, வாயில் ஒன்று.

நான் போட்ட சத்தத்தில் குழந்தை அழுதுவிட்டது. வாயிலிருந்ததைத் துப்பச் சொல்லி, வாய் கொப்பளிக்க வைத்து, கீழே தூக்கிக்கொண்டு ஓடினேன். மாமியிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது என்று ஒரு கணம் தோன்றியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டிலை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு மாலை வரை குழந்தையை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. மாமி இரண்டு படி அரிசி வடாமையும் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டார். அதற்குப் பிறகு நான் கொடுத்த பூவை இரண்டு மாதம் அவர் வாங்கவில்லை. அதில் நியாயம் இருந்தது.

இதிலே இன்னொரு கூத்து. அந்த மருந்தால் செடியாவது பிழைத்ததா என்றால், இல்லை. ஐந்தாறு நாளில் நூலாம்படை மல்லி மொட்டையெல்லாம் மூடிவிட்டது. மருந்துக்கு முன்னால் இருந்ததைவிட மோசம். ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளத்தான் பிறகு படிக்க ஆரம்பித்தேன்.

முதல் விஷயம், இது பூச்சியே இல்லை. பூச்சிக்கு ஆறு கால். இதற்கு எட்டுக் கால், சிலந்தியின் உறவு. சிலந்திப் பேன் என்கிறார்கள், சிவப்புச் சிலந்தி என்றும் சொல்வார்கள். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நம் செடிகளில் சாதாரணமாக வருவது இரண்டு புள்ளிச் சிலந்திப் பேன். வெளிர் பச்சை உடம்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரும்புள்ளி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, செல்களைக் குத்தி உள்ளே இருக்கும் பச்சையத்தை உறிஞ்சிவிடும். மேலே நாம் பார்க்கிற ரவைப் புள்ளி ஒவ்வொன்றும் அப்படிக் காலியான செல்கள்தான்.

பூச்சிக்கென்று செய்த மருந்துகளில் பல இதைக் கொல்லாது. ஆனால் இதைத் தின்கிற ஜீவன்களைக் கொன்றுவிடும். மிளகைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு வண்டு இருக்கிறது, பொறி வண்டு ஜாதி, சிலந்திப் பேன்தான் அதன் சாப்பாடு. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும் தின்னும். இதைத் தின்றே வாழ்கிற வேறு வகைப் பேன்களும் உண்டு. என் பாட்டில் மருந்து அவர்களை எல்லாம் முதலில் அனுப்பிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இது என் தொட்டியில் மட்டும் நடக்கிற கதை இல்லை. நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் என்று பெரிய பூங்கா, கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே எல்ம் மரங்களை ஒரு வண்டிலிருந்து காப்பாற்ற இமிடாகுளோபிரிட் என்கிற மருந்தைக் கொடுத்தார்கள். விளைவு, அந்த மரங்களில் சிலந்திப் பேன் பெருகிவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்ததில், மருந்து கொடுத்த மரத்து இலையைத் தின்ற பேன்கள் அதிகமாக முட்டையும் இட்டன. நம் ஊர்க் கடைகளில் வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் சர்வசாதாரணமாகக் கிடைப்பதும் அதே மருந்துதான்.

இரண்டாவது, கணக்கு. இங்கேதான் என் பழைய வேலை உதவியது. நல்ல வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிட இதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆண் சேராவிட்டாலும் முட்டையிடும், அதிலிருந்து ஆண் பேன்கள் வரும். ஒரு பேன் தன் ஆயுளில் நூறு முட்டைக்குப் பக்கம் இடும். நாம் தாராளமாகத் தள்ளுபடி கொடுத்து, பத்து நாளுக்கு ஒரு பேனுக்கு இருபது பெண் குஞ்சுதான் தேறும் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு ஒன்று. பத்தாம் நாள் 20. இருபதாம் நாள் 400. முப்பதாம் நாள் 8,000. வருட வட்டி எட்டு சதவீதத்துக்கு டெபாசிட் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இந்த வட்டி விகிதத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கூட்டு வட்டிதான் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு தடவை மருந்து அடிப்போம். உயிரோடு ஓடுகிறவை போகும், முட்டை அப்படியே இருக்கும். மூன்று, நாலு நாளில் அது பொரியும். "அடிச்சேன், போகலை" என்று இன்னும் பலமான மருந்துக்குப் போவோம். தப்பு மருந்தின் பலத்தில் இல்லை, தேதியில். நாலு நாளைக்கு ஒரு தடவை, குறைந்தது நாலு தடவை விடாமல் செய்தால் வெறும் தண்ணீரே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். இதை என் செடியிலேயே இந்த வருடம் பார்த்தேன்.

மூன்றாவது, ஏன் இது பூக்கிற நேரமாகப் பார்த்து வருகிறது? சென்னையில் மல்லி நன்றாகப் பூப்பது மார்ச் முதல் ஜூன் வரை. சிலந்திப் பேனுக்குப் பிடித்த உலர்ந்த வெயிலும் அதே மாதங்கள்தான். மழை இருக்காது, இலையில் தூசி படியும். நம் பால்கனிகளில் மேலே கூரை இருப்பதால் வருஷம் முழுக்க மழை இலையைக் கழுவுவதே இல்லை. மாடியைவிடப் பால்கனிச் செடிக்கு இது சீக்கிரம் வருவதற்குக் காரணம் அதுதான். தண்ணீர் காய்ந்து வாடுகிற செடியில் வேகமாகப் பெருகும். யூரியா போட்டுத் தளதளவென்று வளர்கிற கொழுந்தில் இன்னும் வேகமாகப் பெருகும். நான் முதலில் செய்தது அதுதான், விருந்து வைத்துக் கூப்பிட்டேன்.

பூக்காத நாளில் வந்தால் நமக்கு வழி நிறைய உண்டு. வேப்பெண்ணெய் அடிக்கலாம், சோப்புத் தண்ணீர் அடிக்கலாம், கிளையை ஒட்ட வெட்டியும் விடலாம். மொட்டு விட்ட பிறகு கை கட்டப்பட்ட மாதிரி. எண்ணெய் பட்ட மொட்டு கருகும். வேப்பெண்ணெய் வாசனையோடு மல்லியை யார் தலையில் வைப்பார்கள்? சுவாமிக்குத்தான் எப்படிப் போடுவது? தேனீ வருகிற நேரம் வேறு. வெண்டையும் கத்தரியும் நாளைக்கே குழம்பில் போகப் போகிறது. அதனால் பூ இருக்கும்போது எதை அடித்தாலும், "இது யார் தலைக்கு, யார் வாய்க்குப் போகும்" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பிப்ரவரி வந்தாலே வாரம் இரண்டு நாள் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். நம் வயதில் கண்ணால் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது நகர்ந்தால் அதுதான். சந்தேகம் இருந்தால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும், எட்டுக் காலையும் எண்ணலாம். நூலாம்படை தெரிகிற வரை காத்திருந்தால் அது முப்பதாம் நாள் கணக்கு.

ரொம்பப் பழுத்துப்போன இலைகளைக் கிள்ளி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுகிறேன். இதைத் தயவுசெய்து நம் பொது உரத் தொட்டியில் போடாதீர்கள். அங்கிருந்து அது திரும்பி வரும். நூல் விட்டுக் காற்றிலேயே பயணம் போகிற ஜீவன் இது. நம் கையிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டும் போகும். அதனால் நோய் வந்த தொட்டியைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

பிறகு தண்ணீர். காலையில் மொட்டைப் பறித்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால், குழாயில் கைஷவரை மாட்டி இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி கீழிருந்து மேலாக அடிக்கிறேன். மேலே அடித்தால் இலைக்குக் குளியல், பேனுக்கு ஒன்றும் ஆகாது. அடிப்பக்கம் அடித்தால் பேன், நூல், முட்டையில் ஒரு பங்கு எல்லாம் போகும். நாலு நாளைக்கு ஒருமுறை. சுவர் காலண்டரில் குறித்துவைக்கிறேன், அது இல்லாவிட்டால் மூன்றாவது தடவையில் சோம்பல் வந்துவிடும்.

தண்ணீரில் அடங்காவிட்டால், பூவையும் திறக்கப்போகிற மொட்டையும் எல்லாம் பறித்துவிட்டு, சாயங்காலம் சோப்புத் தண்ணீர். லிட்டருக்கு ஐந்து மில்லி சாதாரணத் திரவ சோப்பு. முதலில் இரண்டு இலையில் அடித்து ஒருநாள் பார்த்துவிட்டு மற்றதற்கு. காலையில் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு ஐந்து மில்லி, அதையும் முதலில் சோப்பில் குழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும். எண்ணெய் அடித்தால் அந்த வாரத்துப் பூவை மறந்துவிடுங்கள். ஒருமுறை யாரோ சொன்னார்கள் என்று அரிசிக் கஞ்சி அடித்தேன். பேன் கொஞ்சம் செத்தது, எறும்பு மொத்தமாக வந்தது. அதோடு கஞ்சியை விட்டுவிட்டேன்.

நனையும் கந்தகத் தூள் நல்ல மருந்து, மல்லிக்கு லிட்டருக்கு இரண்டு கிராம் என்று சொல்வார்கள். ஆனால் வெயில் 32 டிகிரிக்கு மேல் போகிற நாளில் அது இலையைச் சுட்டுவிடும். எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள்ளும் அடிக்கக் கூடாது. நம் ஊர் ஏப்ரல், மே மாதத்தில் 32 டிகிரிக்குக் குறைவான பகலை எங்கே தேடுவது? ஆகவே அதை நான் பிப்ரவரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது மருந்து பாட்டில் விஷயம். நம் நாட்டில் பூச்சிமருந்துக்கு 1968-லேயே சட்டம் வந்துவிட்டது. விற்பதற்கு உரிமம் வேண்டும், லேபிளோடுதான் விற்க வேண்டும். லேபிளில் ஒரு சதுரம், அதில் ஒரு முக்கோண நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. மோனோகுரோட்டோபாஸ் என்கிற மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை போட்டாகிவிட்டது. எனக்குக் கிடைத்த பாட்டிலில் இருந்தது அதுவா, வேறா என்று சொல்ல வழியே இல்லை. மருத்துவர் அறையில் நான் நின்ற நிலைமையில் நீங்கள் யாரும் நிற்க வேண்டாம். லேபிள் இல்லாத எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தண்ணீர் பாட்டிலில், ஜூஸ் பாட்டிலில் மாற்றி ஊற்றி வைக்காதீர்கள். யாருக்காவது மருந்து பட்டுவிட்டால் பாட்டிலையும் கூடவே மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி ஓட்டெடுப்பு விஷயம். தொட்டிகளை எடுக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் "என் செடி, என் இஷ்டம்" என்கிற கட்சியிலும் நான் இல்லை. மாடி எல்லோருக்கும் பொது. அங்கே வடாம் காயும், துணி காயும், குழந்தை விளையாடும். அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். மாடியில் லேபிளோடு வருகிற விஷ மருந்துகூட வேண்டாம், சோப்பும் வேப்பெண்ணெயும் தண்ணீரும் மட்டும் போதும். அதையும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் அடிக்க வேண்டும், முந்தின நாளே லிஃப்ட் பக்கத்துப் பலகையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட வேண்டும். வடாம் சீசன் மூன்று மாதமும் மாடியின் கிழக்குப் பக்கம் வடாமுக்கு, மேற்குப் பக்கம் தொட்டிகளுக்கு என்று பிரித்துவிடலாம். காலையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது, அதனால் அடிப்பது காலையில் கூடவே கூடாது. மாடிக் குழாய்க்கு நீள ஹோஸ் ஒன்றும் கைஷவர் ஒன்றும் மெயின்டெனன்ஸ் கணக்கில் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறேன். கமிட்டி முடியாது என்றால் நானே வாங்கித் தருகிறேன்.

மாமி இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் பேசலாமா என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் வந்தேன். "வடாமை மட்டும் இல்லை, எந்தப் பாட்டில்னு தெரியாம வாங்கினதையும் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன், மாமி.

கைலென்ஸ் ஒன்று வாங்கி செக்யூரிட்டி மேஜையில் வைத்திருக்கிறேன். எடுக்கிறவர்கள் அங்கே இருக்கிற நோட்டில் பிளாட் நம்பர் எழுதிவிட்டு எடுங்கள், அன்றைக்கே திருப்பி வையுங்கள். இலையைத் தட்டிப் பார்த்தும் புரியவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நான் மாடியில்தான் இருப்பேன். இலையைப் பையில் கட்டி எடுத்து வாருங்கள். திறந்து எடுத்து வர வேண்டாம், வழியில் என் மல்லி இருக்கிறது.